தேவை மதிப்பீட்டில் ஒரு சென்டம்

நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்தில் யாரிடமும் 'மதிப்பீடு' என்று வாய் தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது. சொன்ன மறு நிமிடமே அது அவர்கள் மண்டைக்குள் பரீட்சை ஆகிவிடும். பரீட்சை என்றால் மார்க்கு. மார்க்கு என்றால் கோச்சிங், விடியற்காலையில் எழுப்பிவிடுவது, மாதிரி வினாத்தாள், பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு வாங்கியது என்ற விசாரணை, கடைசியில் தெருமுனையில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர். கோழிப்பண்ணையும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியும் போல மார்க்கும் எங்கள் ஊரில் ஒரு தொழில். நானும் இதே மண்ணில் பிறந்தவள்தான். பன்னிரண்டாம் வகுப்பில் நான் எடுத்த மார்க்கைக் கல்யாண வீடுகளில் இன்றைக்கும் யாராவது விசாரிக்கிறார்கள், என் மகள் கல்லூரிக்குப் போய்விட்ட பிறகும்.

நான் ஒரு சிறப்பாசிரியை. வட்டார வள மையத்தில் வேலை. அரசுப் பள்ளிகளில் படிக்கிற மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் போய்ப் பார்த்து, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடித்து, அது வந்து சேரும்வரை மேலே இருப்பவர்களை நச்சரிப்பது என் பிழைப்பு. ஸ்கூட்டரில் ஒரு பை நிறையப் பட அட்டைகள் எப்போதும் இருக்கும். கோபம் பை இல்லாமலே கூட வரும்.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. அங்கே எட்டாம் வகுப்பில் ஒரு பெண் படித்துக்கொண்டிருந்தாள். பிறக்கும்போதே மூளை முடக்குவாதம். கால்கள் நிற்காது. வலது கை சொன்ன பேச்சைக் கேட்காது. இடது கையின் மூடிய முஷ்டியை மட்டும், சித்த நேரம் கொடுத்தால், நினைத்த இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவாள். வாயிலிருந்து சத்தம் வரும், சொல் வராது. ஆனால் பாடப் புத்தகத்தை அவள் முன்னால் விரித்து வைத்தால் பக்கம் திருப்பச் சொல்லி நம்மை முறைக்கிற அளவுக்குப் படிப்பாள். வகுப்பில் யாராவது ஜோக் சொன்னால் முதலில் சிரிப்பது அவள்தான், அதுவும் ஜோக் முடிவதற்கு முன்பே.

அப்பா ரிக் வண்டி டிரைவர். ஊர் ஊராய்ப் போர் போட வடக்கே போனால் மாதக்கணக்கில் வீடு திரும்ப மாட்டார். எல்லாம் அம்மாதான். குளிப்பாட்டி, தலை பின்னி, சக்கர நாற்காலியில் வைத்துப் பள்ளிக்குத் தள்ளிக்கொண்டு வந்து, மத்தியானம் ஊட்டிவிட்டு, சாயங்காலம் கூட்டிப்போவார். மகளுக்குப் பேச்சு வராததால் அந்தப் பேச்சையும் சேர்த்து அம்மாவே பேசுவார். "என்ன சாமி, சாப்பிட்டியா?" என்று அவளைக் கேட்டால், "சாப்பிட்டாளுங்க, ரெண்டு இட்லிங்க" என்று அம்மா சொல்வார். "ஸ்கூல் புடிச்சிருக்கா?" என்றால், "உசுருங்க அவளுக்கு" என்பார். சொல்வது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். அதுதான் பிரச்சினையே.

எட்டாம் வகுப்பு முடிந்தால் ஒன்பதாவதுக்கு டவுன் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே போய்க் கேட்டபோது, பதில் சொல்ல முடியாத பிள்ளையை வகுப்பில் வைத்துக்கொண்டு என்ன செய்வது, வீட்டிலேயே இருக்கட்டும், வாரத்துக்கு ஒரு நாள் ஆள் வந்து சொல்லிக்கொடுக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஆள் நான்தான். என் லட்சணம் எனக்குத் தெரியும். வாரம் ஒரு நாள் நான் போய்ப் பட அட்டை காட்டுவது படிப்பு ஆகாது. மற்ற நாளெல்லாம் அந்தப் பெண் நான்கு சுவரையும் மின்விசிறியையும் பார்த்துக்கொண்டு கிடப்பாள். ஜோக்குக்குச் சிரிக்க ஆள் இருக்காது. 

அவளுக்கு வேண்டியது பேசும் கருவி. பெரிய மந்திரமெல்லாம் இல்லை. கையடக்கக் கணினி மாதிரி ஒன்று, அதில் படங்களும் எழுத்துகளும் இருக்கும், முஷ்டியால் தொட்டால் தமிழில் சத்தமாகச் சொல்லும். நாற்காலியின் முன்பலகையில் சரியான சாய்வில் பொருத்திவிட்டால் அவள் பிழைத்துக்கொள்வாள். அதை அரசாங்கமே கொடுக்கிறது. கொடுப்பதற்கு முன்னால் ஒரு மதிப்பீடு நடத்துவார்கள். பிள்ளைக்குக் கண் எப்படி, காது எப்படி, கை எங்கே எட்டும், இப்போது எப்படிப் பேச்சைப் புரியவைக்கிறாள், எங்கே எங்கே அது தடைபட்டு நிற்கிறது என்று பார்த்து, தேவை இருந்தால் எழுதிக் கொடுப்பார்கள். கவனிக்க வேண்டிய சொல் 'தேவை'.

அதற்கு முன்னோட்டமாக நானே அட்டையில் ஒரு படப் பலகை செய்துகொடுத்திருந்தேன். தண்ணீர், சோறு, கழிப்பறை, வலி, வேண்டும், வேண்டாம், இப்படிச் சில படங்கள். முதல் நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அம்மா முட்டையை உரித்து வாயருகே கொண்டுபோனார். அவள் முஷ்டி மெதுவாக ஊர்ந்து 'வேண்டாம்' படத்தின் மேல் போய் உட்கார்ந்தது.

"கை வழுக்கிருச்சுங்க" என்றார் அம்மா.

நான் பலகையைச் சரி செய்து மறுபடியும் கேட்கச் சொன்னேன். மறுபடியும் 'வேண்டாம்'.

"அவளுக்கு முட்டைன்னா உசுருங்க டீச்சர். ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து ஒரு நாள் உட்டதில்லைங்க. எச்சா ஒண்ணு வேற வாங்கி ஊட்டுவேனுங்க." சத்துணவு அம்மாவும் கரண்டியோடு வந்து எட்டிப்பார்த்தார். நாமக்கல் சீமையில் முட்டை வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொல்வதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. பலகையில் ஏதோ கோளாறு என்று இருவரும் முடிவு செய்து முட்டையை ஊட்டிவிட்டார்கள். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே மென்றாள். அந்தப் பார்வைக்கு எந்தப் பலகையும் தேவைப்படவில்லை.

அட்டைப் பலகையின் குறை அதுதான். பக்கத்தில் நின்று குனிந்து பார்ப்பவருக்குத்தான் அது பேசும். பார்த்தவர் நம்பினால்தான் அது பேச்சு. வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும்போது அட்டையால் என்ன செய்ய முடியும்? சத்தம் வந்தால் மனிதன் திரும்பித்தான் ஆக வேண்டும்.

முகாம் தேதி வந்ததும் பள்ளித் தலைமையாசிரியரிடம் சொன்னேன். நல்ல மனிதர். இந்தப் பெண்ணுக்காகச் சாய்வுதளத்தை யாரிடமும் கேட்காமல் தானே சிமென்ட் வாங்கிக் கட்டியவர். ஆனால் அவருடைய இரண்டு பிள்ளைகளும் நாமக்கல் விடுதிப் பள்ளியில் படித்து, புத்தகத்தைக் கமா, முற்றுப்புள்ளியோடு மனப்பாடம் செய்து மேலே வந்தவர்கள். அந்த வழியில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

"மதிப்பீடுங்களா? உட்ருவமா டீச்சர்! நம்ம ஸ்கூலு புள்ள. சும்மா போயி உக்காந்தா ஆகுமுங்களா? தயார் பண்ணோணுமில்ல?"

"தயார் பண்றதுக்கு ஒண்ணும் இல்ல சார். அவ எப்படி இருக்காளோ அப்படியே கூட்டிட்டு வந்தாப் போதும்."

"அதெல்லாம் நீங்க உடுங்க. நாம் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்டார். அடுத்த முறை நான் அந்தப் பள்ளிக்குப் போனபோது காலை வழிபாட்டுக்கு முன்பே தனி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பழைய மாணவர் ஒருவர் மூலம் விசாரித்து, இப்படிப்பட்ட முகாமில் என்னென்ன காட்டுவார்கள், என்னென்ன கேட்பார்கள் என்று ஒரு மாதிரி வினாத்தாளே தயாரித்துவிட்டார். பசு, நாய், நாற்காலி, செருப்பு, பந்து என்று படங்களைக் கலைத்துப் போட்டு, "பசு எது சாமி? சீக்கிரம்! சீக்கிரம்!" என்று விரட்டிக்கொண்டிருந்தார். பாவம், அவள் முஷ்டி நடுங்க நடுங்க ஓடிப்போய்ப் பசுவைக் குத்தியது. பாடப் புத்தகம் படிக்கிற பெண்ணுக்குப் பசு படம். நியாயமா இது?

அம்மாவுக்குத் தனிக் கோச்சிங். "உங்களைக் கேப்பாங்க அம்மிணி. பொண்ணு சொல்லுமான்னு கேட்டாச் சொல்லும்னு டக்குனு சொல்லோணும். தயங்குனா மார்க்கு போயிரும்." அம்மா தலையாட்டிக்கொண்டார். அப்பா வடக்கே ஏதோ காட்டிலிருந்து வீடியோ காலில் வந்தார். பின்னால் கம்ப்ரஸர் கத்துகிற சத்தத்தில் அவர் கேட்டது எனக்கே கேட்டது: "எத்தனைக்கு எத்தனை மார்க்குங்க சார்? பாஸ் மார்க்கு எவ்வளவுங்க?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "இது பாஸ் பண்ற விசயம் இல்ல சார்" என்று அவர்கள் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். "அவளுக்கு என்ன முடியலைங்கறதைத்தான் அவங்க பாக்கணும்."  நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல அம்மா என்னைப் பார்த்தார். "எம்புள்ளைக்கு முடியலைன்னு நானே போயிச் சொல்லோணுங்களா?" என்று கேட்டார். பிறந்ததிலிருந்து ஊரும் உறவும் 'முடியாது, ஆகாது' என்று சொல்லிச் சொல்லி, அதற்கெல்லாம் மல்லுக்கு நின்றே பழகியவர். அவருக்கு எப்படி நான் புரியவைப்பது?

முகாம் அன்று வட்டார வள மையத்தில் திருவிழாக் கூட்டம். வாசலில் பந்தல். பேனரில் பெரியவர்கள் படங்கள் வரிசையாக, கீழே மூலையில் பொடி எழுத்தில் முகாமின் பெயர். காலையிலிருந்து காத்திருக்கிற தாய்மார்கள், அழுகிற குழந்தைகள், வடை, டீ. தலைமையாசிரியர் 'ஆன் டியூட்டி' போட்டுக்கொண்டு சலவைச் சட்டையில் வந்திருந்தார். நாற்காலியை அவரே தள்ளிக்கொண்டு வந்தார். மலைக்கோயில் திருநீறு அவள் நெற்றி நிறைய இருந்தது.

மதிப்பிட வந்தவர் சேலத்திலிருந்து வந்த ஒரு இளம் பேச்சுப் பயிற்சியாளர். கெட்டிக்காரப் பெண், ஆனால் எதிரே வரிசை வாசல் தாண்டி நின்றது. நான் அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேசையில் மாட்டிக்கொண்டேன். காது பரிசோதனைக்கு வந்த ஒரு குழந்தை என் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் காதும் கண்ணும்தான் மிச்சம்.

படப் பரீட்சையில் அவள் வெளுத்து வாங்கிவிட்டாள். பயிற்சியாளர் கேட்டு முடிப்பதற்குள் முஷ்டி விழுந்தது. பிறகு அம்மாவின் முறை.

"பசிச்சா சொல்லுவாளாம்மா?"

"ஓ, நல்லாச் சொல்லுவாளுங்க."

"எங்கயாவது வலிச்சா?"

"கரெக்டாச் சொல்லிருவாளுங்க."

"அவ சொல்றது புரியாம நீங்க தடுமாறினது உண்டா?"

"எனக்கா? எம்புள்ள மனசுல என்ன நெனைக்கறாள்னு எனக்குத் தெரியாதுங்களா?"

"ஸ்கூல்ல எப்படி சார்? கேள்வி கேட்டா பதில் சொல்றாளா?"

"டக்குனு சொல்லுமுங்க மேடம்" என்றார் தலைமையாசிரியர். "கண்ணுலயே சொல்லிப்போடும். அதுக்கு ஒரு கொறையும் இல்லீங்க."

நான் பக்கத்து மேசையிலிருந்து கண்ணால் ஜாடை காட்டினேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினேன், குழந்தை இன்னும் பலமாக முடியை இழுத்தது. தலைமையாசிரியர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நான் பாராட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார். அந்தப் பெண் மட்டும் நாற்காலியில் இருந்தபடி மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் பள்ளியில் எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய். "நம்ம புள்ள சென்டம்!" என்று தலைமையாசிரியர் வழிபாட்டில் அறிவித்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். பேனருக்கு ஆர்டர் கொடுக்காததுதான் பாக்கி.

கொஞ்ச நாளில் மையத்துக்கு முடிவு வந்தது. 'மாணவி தற்போதுள்ள சைகை முறையிலேயே குடும்பத்தினருடனும் ஆசிரியர்களுடனும் போதுமான அளவு தொடர்பு கொள்கிறார். கருவி தேவையில்லை.'

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஸ்கூட்டரை எப்படி ஓட்டிக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் போனேன் என்று தெரியவில்லை. தலைமையாசிரியர் மேசையில் தாளை வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"சென்டம் எடுத்திருக்குதுங்களே டீச்சர். அப்பறம் ஏனுங்க குடுக்க மாட்டேங்கறாங்க?"

"சென்டம் எடுத்ததாலதான் சார் குடுக்க மாட்டேங்கறாங்க!"

"அதெப்படிங்க? நல்ல மார்க்கு எடுத்தவங்களுக்குத்தானே எதையும் குடுப்பாங்க?"

"சார், ஆஸ்பத்திரிக்குப் போயி எனக்கு ஒரு சீக்கும் இல்லைன்னு சொன்னா மருந்து குடுப்பாங்களா?"

 அத்தனை வருடச் சர்வீஸில் அதிக மார்க்கு எடுத்ததற்காக ஒரு பிள்ளை எதையாவது இழந்து அவர் பார்த்ததில்லை. அம்மா கதவோரம் நின்றிருந்தார். "அப்ப எம்புள்ள ஒம்பதாவதுக்குப் போக முடியாதுங்களா?" என்று கேட்டார்.  திட்டலாம் என்று வந்தவள் நான். அந்தக் கேள்விக்குப் பிறகு யாரைத் திட்டுவது?

பயிற்சியாளருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். "நான் என்ன மேடம் பண்றது?" என்றார் அவர். "பெத்த அம்மாவே எல்லாம் சொல்லுவான்னு சொல்றாங்க. எச்.எம். சாரும் சொல்றாரு. ரெண்டு பேரும் பொய் சொல்றாங்கன்னு நான் எழுத முடியுமா?" அதிலும் நியாயம் இருந்தது. முகாம் வரிசையில் வைத்துப் பார்த்தால் இப்படித்தான் ஆகும், வீட்டுக்கு வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். முறைப்படி செய்ய வேண்டியதும் அதுதான். தன் செலவில் பஸ் ஏறி வருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். நல்ல மனசு.

மறு மதிப்பீடு என்று சொன்னதும் தலைமையாசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் பழைய வெளிச்சம்.

"வெசனப்படாதீங்க டீச்சர். இப்பப் புரிஞ்சு போச்சு. இந்தத் தடவை ஃபெயில் ஆக்கிப்போடலாமுங்க."

"சார்!"

"நீங்க உடுங்க. நாம் பாத்துக்கறேன்."

மறுபடியும் காலையில் தனி வகுப்பு. இந்த முறை பாடத்திட்டம் தலைகீழ். "பசு எதுன்னு கேட்டாச் செவுத்தைப் பாக்கோணும் சாமி. ஆங், அப்படித்தான். சிரிக்கப்படாது." அம்மாவுக்கும் புதுப் பாடம். "என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லுங்க அம்மிணி. பசிச்சாச் சொல்லாது. வலிச்சாச் சொல்லாது. ஒண்ணுமே தெரியாது. அவ்வளவுதான்." கண்டிப்பாகச் செய்யக் கூடாது என்று நான் கத்தினேன். இந்த ஊரில் கோச்சிங்கை யார் நிறுத்த முடியும்? ஃபெயில் ஆவதற்கென்று நாமக்கல் நடத்திய ஒரே கோச்சிங் அதுவாகத்தான் இருக்கும்.

பயிற்சியாளர் வந்த அன்று அவர்கள் வீட்டில் கூடினோம். தலைமையாசிரியர் எங்களுக்கு முன்பே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார். பயிற்சியாளர் தரையில் உட்கார்ந்து அட்டைகளை முன்பலகையில் வைத்தார்.

"பசு எது?"

அவள் சுவரைப் பார்த்தாள். தலைமையாசிரியர் மூச்சு விட்டார்.

"நாய் எது?"

சுவர்.

 பயிற்சியாளர் நாற்காலிப் படத்தை எடுத்து உயர்த்திப் பிடித்து, "சரி, நானே சொல்லித்தர்றேன். இதுதான் பசு" என்றார். "நல்லாப் பாரு. பசுவுக்கு நாலு காலு. உக்காரலாம்."

அவள் உதட்டைக் கடித்தாள். தோள் குலுங்கியது. அவ்வளவுதான், அடக்க முடியாமல் உடம்பு முழுக்கச் சிரிப்பு வெடித்து, முஷ்டி போய்ப் பசு படத்தின் மேல் 'டொப்' என்று விழுந்தது. தலைமையாசிரியர் கையால் முகத்தை மூடிக்கொண்டார். "அட கெரகமே" என்று அவர் முனகியது எல்லோருக்கும் கேட்டது.

பயிற்சியாளரும் சிரித்துவிட்டு அட்டைகளை எடுத்து வைத்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

"பசிச்சாச் சொல்லுவாளாம்மா?"

அம்மா தலைமையாசிரியரைப் பார்த்தார். அவர் கண்ணால் இல்லை என்று காட்டினார். அம்மா வாயைத் திறந்தார். மூடினார். முந்தானையை விரலில் சுற்றினார்.

"எம்புள்ளைக்குத் தெரியாதுன்னு எனக்குச் சொல்ல வரலீங்க சார்" என்றார் அவரிடம். "என்னை உட்ருங்க."

"தெரியாதுன்னு சொல்ல வேண்டாம்மா" என்றார் பயிற்சியாளர். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவளுக்கு வலிச்சா எங்க வலிக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

 அம்மா மகளைப் பார்க்காமல், வாசலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"போன நோம்பிக்குங்க. பண்டிகைன்னு ஊடு நெறையாச் சொந்தக்காரங்க. காத்தால புதுத்துணி போட்டுட்டதுல இருந்து ஒரே அழுகைங்க. துணி குத்துதுன்னு அவுத்துப் பாத்தேனுங்க. நிக்கலை. பசின்னு ஊட்டுனேனுங்க, துப்பிட்டா. காலு இழுக்குதோன்னு எண்ணெய் தேச்சேனுங்க. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. கண்ணேறுன்னாங்க, சுத்திப் போட்டோமுங்க. ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனேனுங்க. டாக்டரு, எங்க வலிக்குதும்மான்னு கேட்டாரு. நான் வவுறுன்னு சொன்னேனுங்க. வவுத்துக்கு ஊசி போட்டாங்க. என்னையே பாத்துக்கிட்டு இன்னும் அழுதா. சாயங்காலம் தானா நின்னுச்சு."

அவர் நிறுத்தினார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"வவுறுன்னு நானாத்தானுங்க சொன்னேன். அது வவுறுதானான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாதுங்க. அவளுக்குத் தெரியுமுங்க. எனக்குத்தான் தெரியலை."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. தலைமையாசிரியர் எழுந்து போய் வாசல்படியில் திரும்பி நின்றுகொண்டார். அந்தப் பெண் சிரிப்பெல்லாம் அடங்கி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயிற்சியாளர் மெதுவாக, "இதைத்தாம்மா அன்னைக்கும் நான் கேட்டேன்" என்றார். பிறகு பையிலிருந்து தன் கருவியை எடுத்து முன்பலகையில் வைத்து, முஷ்டி எங்கே எட்டுகிறது, எந்தச் சாய்வில் வைத்தால் கை நடுங்காமல் விழுகிறது, எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று மத்தியானம் வரை பொறுமையாகப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்.

கருவி வந்தது. அரசாங்கக் காரியம், வரும்போதுதான் வரும். கொடுப்பதற்கு ஒரு விழா. மேடையில் பிரமுகர் ஒருவர் கருவியை அவள் மடியில் வைத்து, போட்டோக்காரர் சொல்லும்வரை அதிலிருந்து கையை எடுக்காமல் நின்றார். "பாப்பாவுக்குச் சந்தோஷமா?" என்று அம்மாவைக் கேட்டார். "ரொம்பச் சந்தோசமுங்க" என்றார் அம்மா. அவள் மடியில் பேசும் கருவி அணைந்து கிடந்தது. அதை யாராவது போட்டுவிடலாம் என்று அந்த மேடையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் கீழே நின்று பல்லைக் கடித்தேன்.

கருவியின் குரல் ரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று அறிவிக்கிற அம்மாளின் குரல். முதலில் எல்லோருக்கும் சிரிப்பு. உயர்நிலைப் பள்ளியில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். கணக்கு வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது, "சார், கூட்டல் தப்பு" என்று ரயில் நிலையக் குரல் கேட்டதாம். அவர் திரும்பிப் பார்த்தாராம். இதை எனக்குப் போன் போட்டுச் சொன்னவர் அந்தப் பழைய பள்ளியின் தலைமையாசிரியர். அவருக்கு யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நாலு முறை சொல்லி நாலு முறையும் சிரித்தார்.

எழுத்துக் கூட்டி முழு வாக்கியம் சொல்ல அவள் பழகப் பல மாதம் ஆனது. ஒரு சனிக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா எனக்கு டீ கொடுத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். ஏதோ கேட்க வேண்டும், கேட்கத் தைரியமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில் மகள் பக்கம் குனிந்தார்.

"சாமி, அன்னைக்கு நோம்பியன்னைக்கு ஏன் அப்படி அழுதே? எங்க வலிச்சுது?"

முஷ்டி எழுந்தது. ஒரு எழுத்து. யோசனை. இன்னொரு எழுத்து. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஞாபகம் இல்லை" என்றது கருவி.

அம்மாவின் முகம் தொங்கிப்போனது. அந்த ஒரு நாளை அவர் எத்தனை முறை நினைத்து நினைத்து அழுதிருப்பார்! உடனே என் பக்கம் திரும்பிவிட்டார். "அவளுக்கு ஞாபகம் இருக்குமுங்க டீச்சர். சொல்ல வெக்கப்படறாளுங்க. சொந்தக்காரங்க யாரோ ஏதோ சொல்லியிருப்பாங்க, அது மனசுல பட்டிருக்கும். அவ கொணம் எனக்குத் தெரியாதுங்களா? சின்னதுல இருந்தே அப்படித்தானுங்க, ஏதாச்சும் ஒண்ணு..."

அவர் பேசிக்கொண்டே போனார். முஷ்டி மறுபடி எழுந்தது. மெதுவாக ஊர்ந்தது, ஒவ்வொரு எழுத்தாகக் குத்தியது. அம்மா கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

"அம்மா" என்றது கருவி. "டீச்சரிடம் சொல்லாதே. என்னைக் கேள்."

அம்மா பாதி வாக்கியத்தில் நின்றார். மகளைப் பார்த்தார். பிறகு சுவரோரம் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவள் எதிரே உட்கார்ந்தார்.

"கேக்கறேன் சாமி" என்றார். "நீ சொல்லு."